நீலத்துக்கு நடுவே பச்சை

"என்ர நிலத்தை நிலம்னு சொல்லாம பின்ன சோத்துச் சட்டின்னா சொல்லுவாங்க?" என்று நாச்சம்மாள் போட்ட சத்தம் முக்குரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டது.

"சட்டின்னு சொல்லியிருந்தாலும் தேவலைக்கா! நிலம்னு சொல்லி எங்க தலைல மண்ண வாரிப் போட்டுட்டீங்களே!" என்று கேட்டுக்கு வெளியே நின்று கௌலத் திருப்பிக் கத்தினாள்.

கௌலத் சித்தூரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டு அதே சூட்டோடு திரும்பிவிடும் எண்ணம்; அதனால் ஆட்டோவை அணைக்க வேண்டாம் என்றிருந்தாள். ஆனால் சண்டை நீண்டதால் ஆட்டோக்காரர் தானாகவே அணைத்துவிட்டு, சாவகாசமாகக் கம்பியில் சாய்ந்துகொண்டார். எதிர்வீட்டில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். புளியஞ்சள்ளை ஊரில் அன்றைக்கு எல்லோர் வாசலும் அப்படிச் சுத்தமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

"மலையாளத்துல நிலம்னா நெல்லு நடுற வயலுக்கா. சேத்து வயல்! இத்தன வருசம் இந்த ஸ்டேட்டுல ஓட்டுப் போட்டுட்டு இதுகூடவா தெரியாது? வயல்ல கடை கட்டக் கூடாதுன்னு சட்டமிருக்கு. அது தெரிஞ்சேதான் சொல்லிருக்கீங்க. எங்களக் கழட்டி உட்டுட்டு வேற யாருக்கோ குடுக்கப் பாக்குறீங்க."

"ஏனம்மணி, நெல்லு வயலா? என்ர அப்பன் காலத்துல இருந்து அங்க கடலைக்காயும் சோளமும்தான் வெளையுது. நெல்லு நட்டா நாத்து நாக்கு வறண்டு செத்துப்போகும். அதெப் போயி வயலுன்னு எவன் எழுதுனான்?"

"நீங்க சொன்னதத்தான் எழுதுனாங்க!"

விஷயம் இதுதான். மலையாள நாட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து சித்தூர் பக்கம் போகிற சாலையின் இரண்டு ஓரத்திலும் எங்கே கடை கட்டலாம், எங்கே வீடு கட்டலாம், எங்கே விவசாயம் தவிர வேறொன்றும் கூடாது என்று பஞ்சாயத்து ஒரு வரைபடம் போட்டு, ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. கடைக்கு நீலம், வயலுக்குப் பச்சை. சாலையோரம் நெடுக ஒரே நீலப் பட்டை. நடுவில் நாச்சம்மாளின் இடம் மட்டும், வரிசைப் பல்லில் கீரைத்துணுக்கு ஒட்டிக்கொண்டது போலப் பச்சையாக இருந்தது. அந்த இடத்தைத்தான் கௌலத்தின் கணவர் அப்துல் ஷுக்கூர், ஷார்ஜாவிலிருந்து திரும்பிய மகன் ஜாஸிமுக்கு மரச்சாமான் கடை கட்டுவதற்காக நீண்ட குத்தகைக்குப் பேசி வைத்திருந்தார். கடையின் ஓரத்தில் ஒரு அறை நாச்சம்மாளுக்கு என்றும் பேச்சு. அதில் மாவு மில் போட வேண்டும், ஷட்டருக்கு மேலே தன் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும் என்பது நாச்சம்மாளின் ஆசை. புருஷன் செத்த பிறகு உழவுக்கு அண்ணன் வீட்டு டிராக்டர் எப்போது சும்மா நிற்கும் என்று பார்த்து, விதைக்கு அண்ணி முகம் எப்போது சிரிக்கும் என்று பார்த்து அலுத்துப் போனவள். மில் ஓடினால் அந்த வாசலுக்குப் போகவே வேண்டாம். அவள் அந்த ஷட்டரின் நிறத்தைக்கூட முடிவு செய்திருந்தாள் என்று ஊருக்குத் தெரியும். வேண்டாத ஆட்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

கௌலத் ஆட்டோவில் ஏறினாள். ஏறியவள், அடுப்பை அணைத்த பிறகு நினைவு வந்து உப்புப் போடுகிறவள் மாதிரி, தலையை வெளியே நீட்டினாள்.

"நீங்க தெரியாமச் சொன்னீங்கன்னே வெச்சுக்குவோம்க்கா. பக்கத்துல உங்கண்ணன் ஊமையாவா நின்னாரு? அவரு எடமெல்லாம் நீலத்துல ஜம்முனு கெடக்குதே!"

ஆட்டோ போய்விட்டது. நாச்சம்மாள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடிக்கொண்டதால், வாசல் கூட்டியவர்களுக்கும் வேலை முடிந்துவிட்டது.

அவளுக்கு அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர் அம்மா, வில்லேஜ் ஆபீஸ் ஆள், பஞ்சாயத்து மெம்பர் என்று ஒரு கூட்டம் சாலையோரமாக நடந்து வந்து ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் குறித்தது. ஆபீசர் அம்மா தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சின்னப் பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "இது நிலமாணோ சேச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவ்வளவு மரியாதையாக ஒரு சர்க்கார் ஆள் தன்னிடம் கேட்டதில் நாச்சம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பின்னே? என்ர நிலந்தானுங்க. என்ர அப்பன் எனக்குன்னே குடுத்த நிலமுங்க!" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். ஒருமுறை சொன்னால் போதாதென்று போகிறவர்களின் முதுகுக்கும் ஒருமுறை சொன்னாள். அண்ணன் ரத்தினசாமி வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய எல்லைக் கல்மீது ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முறை வந்தபோது, "புரயிடமா சாரே" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அண்ணன் என்னமோ சுருக்கமாகச் சொல்கிறார், நாம்தான் விளக்கமாகச் சொல்கிறோம் என்றுதான் அன்றைக்கு நாச்சம்மாளுக்குப் பட்டது.

தலையை முடிந்துகொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். ரத்தினசாமி தேங்காய் உரிக்க ஆள் வைத்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். அண்ணி வனிதா, வருகிறவளின் நடையைப் பார்த்தே காரியம் இன்னதென்று தெரிந்துகொண்டு, உள்ளே போகாமல் கதவோரத்தில் வசதியான இடமாகப் பார்த்து நின்றாள்.

"ஏண்ணா, நிலம்னா மலையாளத்துல வயலுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வாயத் தொறக்கல?"

"உன்ர எடத்தப் பத்தி உன்னெக் கேட்டாங்க. நீ வாய் நெறையாச் சொன்னே. நடுவால நான் எதுக்குப் பேசோணும்?"

"பேசியிருந்தா முத்தா உதுந்திருக்கும்?"

ரத்தினசாமி உரித்த மட்டையைக் காலால் ஒதுக்கினார். "இத பாரு நாச்சி. உன்ர மக செல்வப்பிரியா நாளைக்கு இந்த ஊட்டுக்கு வாரவ. என்ர பையன் சிவப்பிரகாசுக்கு மொறப்பொண்ணு. அந்த எடத்தெ ராவுத்தருக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துப்போட்டு, புள்ளைய வெறுங்கையோட அனுப்பலாம்னு பாத்தியா? வயலுன்னே கெடக்கட்டும். கல்யாணம் முடியட்டும். பொறகு எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்பொ மருமகளுக்காக வாய மூடிட்டு நின்னே."

"அதுல என்ன தப்பு?" என்றாள் கதவோரத்திலிருந்து வனிதா. "மாட்டெ ஓட்டிட்டு வந்தா கவுறும் கூடத்தான வரோணும்."

மாடு என்று சொன்னது செல்வப்பிரியாவை. கயிறு என்று சொன்னது நிலத்தை. அல்லது மாற்றியோ. நாச்சம்மாள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எது எது என்று யோசித்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் கயிற்றின் நுனி அண்ணி கையில்தான் இருந்தது. மாலையில் மகள் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். செல்வப்பிரியா சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு ஷுக்கூரின் பாத்திரக் கடையில்தான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். கௌலத் காலையில் கடையில் போட்ட ஒத்திகையை ஏற்கெனவே கேட்டிருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "அந்த மேப்புல என்னெ எந்தக் கலர்ல போட்டிருக்காங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். நாச்சம்மாளுக்கு அது கேலி மாதிரித்தான் பட்டது. "சோத்தத் தின்னு" என்றாள்.

ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று பஞ்சாயத்து ஒரு நாள் வைத்தது. ஷுக்கூர் பழைய மனிதர். மனைவியைப் போலச் சத்தம் போடாதவர். அவரே வந்து நாச்சம்மாளைக் காரில் கூட்டிப் போனார். வழியெல்லாம் பாடம் நடத்தினார்.

"புரயிடம்னு சொல்லுங்க, அது போதும். வீடு கட்டுற மேட்டு நெலத்துக்கு மலையாளத்துல அதான் பேரு. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"பொறவெடம்."

"புரயிடம்."

"அதென்னுங்க ராவுத்தரே, பொறகடையாட்டம் இருக்குது. ரோட்டு மேல கெடக்கற எடத்தெக் கொல்லப்பொறம்னு என்ர வாயால நானே சொல்லோணுமா?"

"கொல்லப்பொறமில்லக்கா… யா அல்லா." அவர் கியரை அழுத்தமாக மாற்றினார்.

பஞ்சாயத்து ஹாலில் கூட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் கொஞ்சம், அடுத்தவர் ஆட்சேபத்தைக் கேட்க வந்தவர்கள் மீதி. ரத்தினசாமிக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாச்சம்மாளின் முறை வந்தது. ஆபீசர் அம்மா அதே சிரிப்போடு, "நிலமல்லெங்கில் பின்னெ அது எந்தாணு சேச்சி?" என்று கேட்டாள்.

நாச்சம்மாளுக்குப் பாடம் மறந்துவிட்டது. மறந்ததா, வாய் மறுத்ததா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி உண்டு. கொங்குப் பக்கத்தில் மானம் பார்த்த மேட்டு நிலத்துக்கு என்ன பெயரோ, பிறந்ததிலிருந்து அவள் வாயில் என்ன பெயர் இருக்கிறதோ, அதைச் சொன்னாள்.

"காடுங்க."

ஆபீசர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "காடோ? வனமோ?"

"ஆமாங்க, காடு. சுத்தமான காடுங்க. கடலைக்காடு."

"அவிடெ ஆனையுண்டோ சேச்சி?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நாச்சம்மாள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "ஆனைக்கு நான் எங்கீங்க போவேன்? காட்டுப்பன்னிதான் வருதுங்க. கடலையெல்லாம் நோண்டிப்போடுது."

காட்டுப்பன்னி வருகிற இடம் என்றும் குறிக்கப்பட்டது. ஷுக்கூர் முன்னால் வந்து, "மேடம், இவர் உத்தேசிச்சது…" என்று தொடங்கினார். "தாங்கள் ஆரா?" என்றாள் ஆபீசர் அம்மா. "அங்க கடை கட்டப்போற ஆளு" என்று அதே பின்வரிசைக் குரல் உதவி செய்தது. ஆபீசர் அம்மாவின் சிரிப்பு அதோடு போய்விட்டது. வயலை மூட வருகிற கடைக்காரர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். "ஸ்தலத்தின்றெ உடம பறயட்டெ" என்று, இடத்துக்காரியே சொல்லட்டும் என்கிற அர்த்தத்தில், அவரை உட்காரச் சொல்லிவிட்டாள்.

"காடு வேண்டாம்னா தோட்டம்னு எழுதிக்கங்க" என்று நாச்சம்மாள் இறங்கி வந்தாள். அவள் இடத்து மூலையில் ஒரு கிணறும் உண்டு; கிணற்றுத் தண்ணி பாய்கிற நிலமென்றால் அவளுக்குத் தோட்டம். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் தோட்டமென்றால் எஸ்டேட். "ரப்பரோ ஏலமோ?" என்று கேட்டார் வில்லேஜ் ஆபீஸ் ஆள். ரத்தினசாமி வாய்விட்டுச் சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தபோதும் நாச்சம்மாளுக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு சிரிப்பு காதில் விழுந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நேரில் வந்து பார்த்து முடிவு செய்வோம், அதுவரை பச்சை பச்சையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜாஸிமுக்குப் பொறுமை இல்லை. கௌலத்துக்கு அதுவும் இல்லை. அடுத்த மாதமே ஷுக்கூர், பக்கத்தில் நீலத்தில் கிடந்த ரத்தினசாமியின் இடத்துக்குக் குத்தகை எழுதிக்கொண்டார். தங்கச்சி இடத்தில் ராவுத்தர் கடை வந்தால் குடும்பச் சொத்து கைவிட்டுப் போகிற காரியம். தன் இடத்தில் வந்தால் அது ஊர் முன்னேற்றம். ரத்தினசாமி இதை டீக்கடையில் விளக்கிச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். டீ அவர் வாங்கிக் கொடுத்தது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற மெஷின் வந்த அன்று கௌலத்தும் வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாச்சம்மாள் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க மேல வருத்தமில்லையேக்கா? கச்சவடம் யாவாரம்னு இருக்கறவங்க எத்தன நாள் காத்திருக்க முடியும்?"

"எனக்கென்ன வருத்தம்? உங்களுக்குத்தான் என்ர அண்ணன் நெழலு. அதுல முளச்சது எதுவும் உருப்பட்டதில்ல, பாத்து இருந்துக்கங்க."

"அக்காக்கு நாக்குல நல்ல நாளே கெடையாது."

"உங்க ஊட்டுக்காரரு மரியாதப்பட்ட மனுசன். அவரு இருக்கற ஊட்ல நீ எப்படி இருக்கறேன்னுதான் எனக்கு வெளங்கல."

அன்றைக்கு மாலை மகளிடம், இனி அந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். செல்வப்பிரியா, தூரத்து ஏலமலைமேல் சாந்தன்பாறையில் இருந்த கல்லூரித் தோழிக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. மகள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது நாச்சம்மாள் நெல் விதை கேட்டு கிருஷி பவனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆமாம், நெல் விதை. கடலை பிடுங்கிய கையோடு வேறு ஊரிலிருந்து டிராக்டர் கொண்டுவந்து, மேட்டை வெட்டி, வரப்பைக் கட்டி, கிணற்று மோட்டாரை ராப்பகலாக ஓட விட்டாள். கரிசல் மண், முதலில் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு போதுமென்று தண்ணீரை மேலே நிறுத்திக்கொண்டது. சேறு அடித்தாயிற்று. நாச்சம்மாளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னவர்கள், பைத்தியம் எப்படி நடவு போடுகிறது என்று பார்க்க வந்தார்கள். அவளும் நடவு ஆட்களோடு இறங்கிக் குனிந்தாள். நெல் நின்ற இடத்தைப் பிறகு எந்த ஆபீசர் வந்தாலும் நீலமாக்க முடியாது. ஒவ்வொரு நாற்றாக ஊன்ற ஊன்றத் தன் மில்லின் ஷட்டரைத் தானே கீழே இழுத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஊன்றினாள். இடுப்பு வலித்தபோதெல்லாம் ஹாலில் கேட்ட அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டாள். வலி போய்விட்டது.

அவள் எதிர்பார்த்தது தாமதமில்லாமல் நடந்தது. பக்கத்தில் கடைக்குத் தோண்டிய வானக் குழிகளில் தண்ணீர் ஊறி நின்றது. இறைக்க இறைக்க ஊறியது. தவளைகள் குடியேறின. ரத்தினசாமி வேலியை மிதித்துக்கொண்டு வந்தார்.

"உனக்குக் கிறுக்கா? யாராச்சும் மேட்டுல நெல்லு நடுவாங்களா?"

"மேடுன்னு யாரு சொன்னது? நிலமுன்னு சர்க்காரே எழுதியிருக்குது."

அவர் போய் ஆபீசர்களைக் கூட்டி வந்தார். அதே கூட்டம், அதே சின்ன ஆபீசர் அம்மா. பஞ்சாயத்து சொன்னபடி நேரில் வந்து பார்ப்பதும் இதோடு தீர்ந்தது. வரப்பில் கால் வைத்த ஆபீசர் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். இந்த வறண்ட கிழக்குப் பக்கத்தில், சாலையோரத்திலேயே, பயிர் பச்சைப்பசேலென்று காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. போனை எடுத்துப் படமாகப் பிடித்துத் தள்ளினாள். வானக் குழியில் நின்ற தண்ணீரைப் பற்றி ரத்தினசாமி சொல்லச் சொல்ல, அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு திரும்பி, வயலின் தண்ணீர் வடிகிற வழியை வானம் தோண்டி அவர் பக்கம் குவித்த மண்மேடுதான் மறித்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு இடத்தின் முன்பக்கமாக வாய்க்கால் விட வேண்டும் என்றாள். முன்பக்கம் என்பது ஜாஸிம் வண்டிகள் நிறுத்தத் திட்டம் போட்டிருந்த இடம்.

"மேடம், எங்க அப்பன் காலத்துல இங்க கடலைக்காய்தான்… இது வயலே இல்ல, புரயிடமா…"

"அன்னிக்கு வாயத் தொறக்கலியேண்ணா" என்றாள் நாச்சம்மாள். "இன்னிக்கும் தொறக்காத." பிறகு ஆபீசர் அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்: "இது நிலமாணு சாரே."

விவசாயி தினத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. பல் வலி என்று எல்லோரிடமும் சொன்னாள்.

சிவப்பிரகாஷ், அத்தை மகள் இல்லையென்று ஆன பிறகு திருப்பூருக்குப் போய், அங்கேயே உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு நிலம் உண்டா என்று வனிதாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். செல்வப்பிரியா சாந்தன்பாறையில் டிஜோ என்கிற ஜீப் ஓட்டும் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் மணந்துகொண்டாள். போனில் சொன்னபோது நாச்சம்மாள், மாமியார் எப்படி என்றுதான் முதலில் கேட்டாளாம். மாமியார் பெயர் கத்தரீனாள், சத்தமாகப் பேசுவார், மற்றபடி நல்லவர் என்று பதில் வந்ததாம். நாச்சம்மாள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இந்தப் போகத்து அறுப்பு முடியட்டும் என்கிறாள்.

வாய்க்காலுக்கு விட்டது போக மிஞ்சிய இடத்தில் கடை ஒரு வழியாக எழும்பியது. ஜாஸிம் கட்டிய பெண் ஷஹ்லாவுக்குச் சித்தூர் வீட்டில் இடம் போதவில்லை. அதனால் ஷுக்கூரும் கௌலத்தும் கடைக்கு மேலே மாடியில் குடிவந்துவிட்டார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவே இப்போது ஒரு வயல்தான். பேச்சு வார்த்தை கிடையாது. பால் பிடித்த கதிருக்குக் காலையில் மயில்கள் வருகின்றன. நாச்சம்மாள் வரப்பில் நின்று தட்டைத் தட்டுகிறாள். அவை எழும்பிப் போய்க் கடையை ஒட்டி இறக்கிய தகரக் கூரையில் தடதடவென்று இறங்குகின்றன. கௌலத் மாடிக் கம்பியிலிருந்து குனிந்து கை தட்டுகிறாள். ஒவ்வொன்றாகத் தோகையை இழுத்துக்கொண்டு மறுபடி வயலில் வந்து விழுகின்றன.